கோதண்ணையின் காட்டுப்பூனை

என்னிடம் ஓர் அட்டைத் துண்டு இருக்கிறது. தோட்டாப் பெட்டியொன்றின் மூடியிலிருந்து கிழித்தது. அதில் பென்சிலால் எழுதியிருக்கிறது: “செவ்வாய். மழை. நாலு கழுத்து வெடிச்சிட்டுது. மூண்டு நல்லம்.” ஆண்டு இல்லை, மாதம் இல்லை. பால் வாங்கிய ரசீதைக்கூட நாள்வாரியாகக் கோவையில் போடும் எனக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டாம்.

எழுதியவர் கோதண்ணை. நாங்கள் வந்து குடியேறிய மல்வேர்னில் கழுத்தைப் பற்றி அவரளவு கவலைப்பட்ட மனிதர் எவருமில்லை. கழுத்துவலிக்குப் பிடித்துவிடுகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

துப்பாக்கிக் கழகத்தில் மற்றவர்கள் சுட்டுவிட்டுப் போனதும், விழுந்து கிடக்கும் பித்தளைக் கோதுகளை, வெடித்து முடிந்த தோட்டாக் கூடுகளை, அனுமதி கேட்டுப் பொறுக்குவார். வீட்டு பேஸ்மென்றில் அவற்றை உருக்கு அச்சுக்குள் செலுத்தி, வாய்ப்பக்கத்துக் கழுத்தை நெரித்து ஒடுக்கி, எந்தக் கடையிலும் கிடைக்காத தோட்டாவாக மாற்றுவார். அதற்கென்றே ஒரு துவக்கும் சொல்லிச் செய்வித்திருந்தார். இப்படி ஒருவர் தானாக உருவாக்கும் தோட்டாவை அந்த உலகத்தில் ‘வைல்ட்கேட்’ என்பார்கள். காட்டுப்பூனை.

“உங்கட பூனையைக் கீழ வைச்சிட்டுச் சாப்பிட வாங்கோ!” என்று மேலேயிருந்து அவர் மனைவி கூப்பிடுவார். புட்டு ஆறும். அண்ணை அசையமாட்டார்.

தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது ஒருவர் கேட்டார்: “சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஆளுக்கு ஏனப்பா துவக்கு?”

“அங்க துவக்குக்கு நான் ஒளிச்சுத் திரிஞ்சன். இங்க அது என்ர அலுமாரிக்குள்ள பூட்டுப்பட்டுக் கிடக்கு. இப்ப ஆர் வெண்டது?” என்றார் அண்ணை. கேட்டவர் இன்னொரு கோப்பி எடுக்கப் போய்விட்டார்.

தோட்டா தயாரானபோது மான் வேட்டைக்காலம் தொடங்க நான்கு சனிக்கிழமைகள் இருந்தன. அதற்குள் கழகத்தில் சுட்டுப் பார்க்காவிட்டால் மூன்று குளிர்காலத்து வேலையும் அந்த வருடத்து வேட்டையும் போய்விடும். கழகத்திலோ ஒரு விதி. கோதின் அடியில் பழைய தோட்டாவின் பெயர்தான் பொறித்திருக்கும். ஆள் மாறித் தவறான துவக்கில் போட்டால் ஆபத்து. ஆகவே புதியதற்கு ஒரு பெயர் வைத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

அண்ணை பெயரைச் சொன்னார்: “மரிய பிலோமினா திரேசம்மா.”

அது அவர் மனைவியின், நான் அக்கா என்று கூப்பிடுபவரின், ஞானஸ்நானப் பெயர். கழகச் செயலாளர் பதிவேட்டில் பெயருக்கென்று இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். “மேரி போதாதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணையின் முகம் பித்தளை நிறமானது. மிசிசாகாவில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் அக்கா நெஞ்சில் குத்தும் பெயர் அட்டையில் இருபது வருடமாக இருப்பதும் அதே ‘மேரி’தான்.

“தம்பி, சொல்லும் அவருக்கு. முழுப்பேர் ஏறாட்டிச் சுடமாட்டன்” என்றார், மொழிபெயர்க்கக் கூடப் போயிருந்த என்னிடம்.

நான் கொஞ்சம் பணிவாக மொழிபெயர்த்தேன்.

“சீனி போடாதையும்! அப்பிடியே சொல்லும்!”

முதல் சனி போயிற்று. இரண்டாவது சனி போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: “அண்ணை, ஒவ்வொரு கோதின்ர கழுத்தையும் ஒடுக்கிறியள். பேரைக் கொஞ்சம் ஒடுக்கினா என்ன?”

“கோது நான் பொறுக்கினது. பேர் அவளின்ர தகப்பன் வைச்சது. அதில கை வைக்க நான் ஆர்?”

விஷயம் அக்காவின் காதுக்கு எட்டியது. “என்ர பேரில மானைச் சுடப் போறாராம்! சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில இதை நான் என்னெண்டு சொல்லுறது?” என்று கத்தினார். ஆனால் நான்காவது சனிக்கிழமை எங்களுக்குச் சம்பல் பாண் கட்டித் தந்தவரும் அவர்தான்.

அன்று அண்ணை ஒரு கடதாசிப் பட்டியும் பசையும் கொண்டுவந்திருந்தார். கேட்காமலே பதிவேட்டின் கட்டத்தோடு பட்டியை ஒட்டி, வெளியே நீட்டி மடித்து, பேனையைச் செயலாளரின் கையில் கொடுத்தார். அந்த மனிதர் பட்டியை விரலால் நீவிவிட்டார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார். அண்ணை இரண்டு தரம் திருத்தினார்.

அண்ணை ஒரேயொரு வெடி வைத்தார். காதைப் பொத்திய நான் கண்ணையும் இறுக மூடியிருந்தேன். திறந்தபோது இலக்குத் தாள் சுருட்டப்பட்டு அவர் கைக்குள் இருந்தது. நட்டநடுவில் பட்டதாக அவர் சொல்கிறார். அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டதாக அக்கா சொல்கிறார்.

போன ஞாயிறு கோவிலில் அக்காவின் செபப்புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு மடித்த தாள் வெளியே தெரிந்தது. தடித்த தாள், ஓரத்தில் கறுப்பு வளையம். அது அந்தத் தாள்தானா என்பதை நான் உறுதிப்படுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் எனக்கு முன்னால் உள்ள வாங்கில்தான் உட்காருவார்; கை நீட்டினால் எட்டும். நீட்டுவதாக இல்லை.