வெள்ளித் தகடு பொய் சொல்லாது

சுத்தமான தகட்டில் கோடு தட்டையாக ஓட வேண்டும். ஓடவில்லை. திரையின் நடுவே ஒரு முகடு துருத்திக்கொண்டு நின்றது.

ஆய்வாளர் திரையருகே குனிந்து பார்த்தாள். வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் செய்த வெள்ளித் தகடு அது. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் நிறைந்த அந்த வெள்ளிமேல் எது இம்மியளவு ஒட்டினாலும் சரி, லேசர் பட்டதும் திரையில் முகடு எழும்பி, இன்ன பொருள் என்று காட்டிக்கொடுத்துவிடும். பெற்ற பிள்ளையைப் போல அதைப்பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். இப்போது எதிரே நிதிக்குழுத் தலைவி. அவர் தலையசைத்தால் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"என்னம்மா இது?" என்றார், அந்தத் தகட்டை எடுத்து வைத்த ஆய்வுக்கூட இயக்குநர், தன் கருகருவென்ற கிராப்பைக் கோதியபடி.

"ஏதோ ஒட்டியிருக்கு சார்."

"தள்ளு, நான் மாத்தறேன்." கையுறைகூடப் போடாமல், கோதிய கையாலேயே புதுத் தகட்டை எடுத்து வைத்தார். முகடு இரண்டு மடங்கானது.

"சார், நான் துடைச்சுப் பாக்கறேன்..."

"நானே துடைக்கறேன்!" பதற்றத்தில் இன்னொரு தரம் தலையைக் கோதிவிட்டு, விரலாலேயே துடைத்தார். முகடு திரையின் உச்சிக்கே ஏறிவிட்டது.

குழுத் தலைவி கைப்பையை மூடினார். "கருவி கோளாறு போலிருக்கு. கிளம்பட்டுமா?"

கோளாறா! ஆய்வாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் தகடு பொய் சொல்லாது மேடம்!" கணினியில் இருந்த பல பொருள்களின் பழைய முகடுகளோடு இதை ஒப்பிட்டாள். ஒன்று அச்சு அசலாகப் பொருந்தியது.

"தலைச்சாயம்."

எல்லோர் பார்வையும் ஒரே தலையில் போய் நின்றது. பயத்தையும் மீறி அவளுக்குப் பெருமை பொங்கியது. என்னமாய்க் கண்டுபிடித்துவிட்டது!

இயக்குநர் குதித்தார். "என் தலையில சாயம் பட்டதே இல்ல! சத்தியமா சொல்றேன்!"

"அப்ப தகடுதான் தப்பு," என்றார் குழுத் தலைவி.

"தகடு தப்பில்ல மேடம்." ஆய்வாளர் விட்டுக்கொடுக்கவில்லை.

"இருங்க, என் வீட்டுலயே கேட்டுடலாம்." இயக்குநர் மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அமுக்கினார். "நான் என்னிக்காவது தலைக்குச் சாயம் அடிச்சிருக்கேனா? இங்க எல்லாரும் கேக்கறாங்க, நல்லா சத்தமா சொல்லு!"

"சேச்சே! எந்தப் பாவி அப்படிச் சொன்னது? உங்க தலையிலதான் ஒத்த முடி கிடையாதே, எதுல அடிக்கறது? காலையில நான் சாயம் அடிச்சது விக்குக்குத்தானேங்க!"