தெரிஞ்சவங்க போகிற வாசல்

அருங்காட்சியகத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. திங்கட்கிழமை விடுமுறை என்பது பலேர்மோவில் பூனைக்குக்கூடத் தெரியும். மீன்கடை காலோஜெரோவுக்குத்தான் தெரியாது. ஐம்பத்தாறு வருடம் அந்த ஊரில் இருந்தும், மனிதர் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

மகள் நுன்சியா விரும்பும் பையனின் தாய் எர்மினியா, தூரின் நகரத்திலிருந்து வந்திருந்தார். அவரிடம் தொலைபேசியில், "மியூசியமெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அளந்துவிட்டது வினையாகிவிட்டது.

"அவங்க ரொம்பக் கறாருப்பா. நீங்க எதையாவது உளறிவெச்சா என் கல்யாணம் அம்போ" என்று நுன்சியா காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

"பூட்டியிருக்கே?" என்றார் எர்மினியா.

"இது வெளியூர்க்காரங்க வாசல் சம்பந்தியம்மா. தெரிஞ்சவங்க இப்படித்தான் போவாங்க" என்று பக்கத்தில் திறந்திருந்த வாசலுக்குள் காலோஜெரோ விறுவிறுவென்று நுழைந்தார். எர்மினியா செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பின்னால் வந்தார்.

உள்ளே பளிங்குப் படிக்கட்டு, கூரையில் கொழுகொழு தேவதைகள். நீலக் கோட்டும் தொப்பியுமாக ஒரு கிழவர் வந்து மூலையில் நின்றார். காவலாளியைப் பார்த்ததும் காலோஜெரோவுக்கு உயிர் வந்தது.

"இந்தத் தூண் யார் கட்டினது?" என்று கேட்டார் எர்மினியா.

"அரபுக்காரங்க ஆரம்பிச்சாங்க, நார்மன்காரங்க முடிச்சாங்க. நடுவுல சாப்பாட்டுக்கு நிறுத்தினாங்க" என்று அளந்தார் காலோஜெரோ.

"படத்துல இருக்கிற மீசைக்காரர்?"

"இளவரசர். வாள்மீனோட மல்லுக்கட்டிச் செத்தவர்."

கிழவருக்குப் பலமாக இருமல் வந்தது.

எர்மினியாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. அலமாரி அலமாரியாக எட்டிப் பார்த்தவர் கடைசிக் கதவையும் திறந்துவிட்டார். அடுப்பில் கத்திரிக்காய் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரக் கயிற்றில் ஈரப் பனியன், தொட்டியருகே டம்ளரில் ஒரு பல்செட்டு. அப்போதுதான் காலோஜெரோவுக்கு உறைத்தது. யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் அல்லவா வந்து நிற்கிறோம்!

இனி உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும்.

"இது... அந்தக் காலத்துச் சமையல்கட்டு. தத்ரூபமா வெச்சிருக்காங்க."

"வாசனைகூட வருதே!"

"அதான் இங்க விசேஷம்."

"பனியன்?"

"இளவரசரோடது."

"நல்ல அகலமான இளவரசர். ருசி பார்க்கலாமா?"

காலோஜெரோ வாய் திறப்பதற்குள் கிழவர் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தார். "பார்வையாளருக்கு உண்டும்மா. மத்தியும் பொரிச்சிருக்கேன், உக்காருங்க." காலோஜெரோ வியர்த்து வழிய விழுங்கினார். மத்தி புதுசுதானா என்று கவனிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

எர்மினியா கை கழுவப் போனதும் காலோஜெரோ கிழவரின் கைகளைப் பற்றிக்கொண்டார். வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க ஐயா, உங்க வீடுன்னு தெரியாமப் பூந்துட்டேன். என்னை ஏன் காட்டிக்கொடுக்கல?"

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தம்மாதான் வாசல்லயே, 'இன்னைக்கு மியூசியம் லீவுன்னு எனக்குத் தெரியும், என் சம்பந்தி மானம் போகக் கூடாது, ஒரு தொப்பிய மாட்டிக்கிட்டுக் காவலாளி மாதிரி நில்லுங்க'ன்னு கெஞ்சினாங்க."