கவர் ஐயாவும் ஒரு முழங்காலும்

செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் கவர் ஐயா குடிவந்ததிலிருந்து கீழே வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்குள் நுழைய வழி இருந்தால்தானே? மாடிப்படியில் தொடங்கும் பெண்களின் வரிசை கடை வாசலை மறித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போகும். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு ஸ்கேன் கவர்.

ஐயாவின் பெருமை, கவரைப் பிரிக்கவே மாட்டார் என்பது. பள்ளிக்கூட அறிவியல் அறையில் இருக்குமே இசைக்கவை, அதைத் தட்டி மூடிய கவரின்மேல் வைத்துக் கண்ணை மூடிக் காது கொடுப்பார். உள்ளே இருக்கும் நோய் அவரிடம் பேசுமாம். டாக்டர்கள் பாவம், வருஷக்கணக்கில் படித்துவிட்டும் படத்தைப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் யாருக்கும்தான் தெரியும், அதில் என்ன மகிமை?

இந்த வரிசையில் ஒருநாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சரும் வந்து நின்றார். தானாக வரவில்லை, அவருடைய நாத்தனார் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

டீச்சர் மார்பகப் பரிசோதனைக்குப் போய்ப் படம் எடுத்திருந்தார். இடது பக்கம் ஒரு நிழல் சரியாகத் தெரியவில்லை, இன்னொரு முறை படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புற்றுநோய் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு டீச்சர் தூக்கத்தைத் தொலைத்தார். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. காலியான சாலையில் அதைத் திடீர் திடீரென்று மிதித்து, ஓட்டப் பழகியவர்களை அழவைத்தார். வேறொரு டாக்டரிடமும் கேட்டுவிடலாம் என்று நேரம் வாங்கியிருந்தார். அதற்குள் நாத்தனார், "டாக்டரு எங்க போயிடப் போறாரு அண்ணி? ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று கிளப்பிவிட்டாள்.

வரிசையில் ஒரு அம்மாள் சொம்பும் தம்ளருமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஐயாவின் மனைவி. எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, எந்தப் பக்கம், என்ன சொன்னார்கள் என்று உருகி உருகி விசாரித்தாள். டீச்சர் கண் கலங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிறகு அந்த அம்மாளே கவரை வாங்கிக்கொண்டு முதலில் உள்ளே போனாள். எல்லோருக்கும் அப்படித்தான்.

ஐயா இசைக்கவையைத் தட்டினார். இடது பக்கத்து மார்பில் ஒரு நிழல், மேகம் மாதிரி, என்றார். நாத்தனார் பெருமை பிடிபடாமல் அண்ணியைப் பார்த்தாள். மறுபடி படம் எடுத்தால் கட்டிக்குக் கோபம் வந்து பரவிவிடும், ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைக்க வேண்டாம் என்று சொல்லி, அன்பளிப்பை வாங்கிக்கொண்டு, இதைக் குடித்தாலே கரைந்துவிடும் என்று நீல பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்.

டீச்சர் நிம்மதியாகத்தான் வீடு திரும்பினார். டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்ய ஃபோனைக்கூட எடுத்துவிட்டார். அப்போது கூடத்திலிருந்து கணவரின் குரல் வந்தது. லாரி மெக்கானிக்கான அவருக்கு முழங்கால் வலி. எலும்பு டாக்டரிடம் கிளம்பியிருந்தார்.

"என் கால் படத்தை எங்க வச்ச? இந்தக் கவர்ல ஒன்னோடதுல்ல இருக்கு."

டீச்சர் தான் ஐயாவிடம் கொண்டுபோன கவரைப் பிரித்தார். உள்ளே கணவரின் முழங்கால்.

ஃபோனைக் கீழே வைத்தார். சொம்பு அம்மாளிடம் எல்லாவற்றையும் தானே கொட்டியது நினைவுக்கு வந்தது. பிறகு அவருக்கு வந்த கோபத்தில் பயம் ஓரமாக ஒதுங்கி நின்றது.

மறுநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். சொம்பு அம்மாள் வந்ததும், கர்ப்பப்பையில் கட்டி என்று காதோடு சொல்லிக் கவரை நீட்டினார். வாசலில் நின்றவர்களையும் உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். கூட்டத்தைக் கண்டால் ஐயாவுக்கும் சந்தோஷம்தானே?

"கர்ப்பப்பை ரொம்ப வாடிக் கெடக்கு. பிள்ளை பெத்த களைப்பு இன்னும் தீரல," என்றார் ஐயா, இசைக்கவையில் காதை வைத்துக்கொண்டு.

டீச்சர் படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இது முழங்கால். பேஷன்ட் இவருதான்."

வழுக்கைத் தலையும் முறுக்கு மீசையுமாகக் கணவர் நொண்டிக்கொண்டு முன்னே வந்தார். பிள்ளை பெற்ற களைப்பு முகத்தில் தெரியத்தான் செய்தது.

ஐயா அசரவில்லை. படத்தில் முற்பிறவியும் தெரியும், போன பிறவியில் இவர் பெண் என்றார். நம்புவீர்களோ மாட்டீர்களோ, கூட்டம் அதற்கும் தலையாட்டியது. ஒரு பெண் கணவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பிக் கும்பிட்டார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பேக்கரிக்காரம்மா எழுந்தார். மார்பில் இருந்த கட்டிக்கு மாதக்கணக்கில் நீலத் தண்ணீர் குடித்து வருகிறவர்.

"இன்னைக்கு நான் அந்தம்மாகிட்ட வாயே தொறக்கல. என் தங்கச்சியோட கவரு இது. அவளுக்கு என்னன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க ஐயா."

ஐயா தட்டினார். கேட்டார். மறுபடி தட்டினார். சொம்பு அம்மாளைப் பார்த்தார். அவள் சொம்பைப் பார்த்தாள். கடைசியில் ஐயா, இன்றைக்கு அலைவரிசை சரியில்லை என்றார்.

முதலில் சிரித்தது கணவர்தான். அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு, அதன் பின்னாலேயே கோபம். அவரவர் கவரை அவரவர் பிடுங்கிக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் மாடி காலி. செருப்புக் கடைக்காரர் வாசலைக் கழுவிவிட்டார்.

டீச்சர் இரண்டாவது டாக்டரிடம் போனார். மறுபடி படம் எடுத்து, ஸ்கேனும் பார்த்தார்கள். வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. பேக்கரிக்காரம்மாவுக்கு அப்படி இல்லை. அவருடைய கட்டி இத்தனை மாதத்தில் வளர்ந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, மருந்தில் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் கடைக்கு வர ஆரம்பித்திருக்கிறார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு பாடு இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். ஐயாவின் கதையைச் சொல்லிச் சிரிக்கும் பேக்கரிக்காரம்மா, அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

நாத்தனாரா? ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை முகர்ந்து பார்த்தே எல்லாம் சொல்கிறாராம், விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அங்கேயும் நல்ல கூட்டமாம். போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு மூளையையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குக் கவர்கூட வேண்டாம்.