கூரைக்கு மேலே கப்பிற்றல் ரீச்சர்

என் பொறுமையைக் கடைசி அங்குலம் வரை அளந்து பார்த்தவர் இந்தக் கொழும்பில் ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தொடர்மாடியில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கப்பிற்றல் ரீச்சர்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் கட்டடம் இருக்கிறது. தரையில் கார்கள், முதலாம் மாடியில் நான், எனக்கு நேர் மேலே ரீச்சர். ஓய்வு பெற்றவர், தனி ஆள். பின்னேரம் நாலு மணிக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதின்மூன்று பேர் அவரிடம் ஆங்கிலம் படிக்க வருவார்கள். நாலு ஐந்துக்கு என் கூரையில் முதலாவது இடி விழும்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். வீட்டிலிருந்தே பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்க்கிறேன். ஓர் எழுத்துப் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் வீசா போய்விடும். வீட்டின் முன்கூடமான ஹோலில்தான் என் மேசை, அதற்கு மேலேதான் இந்த இடி. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. ஒரு திங்கட்கிழமை, ஐந்தரை மணிக்குள் எழுபத்திரண்டு இடி என்று குறித்திருக்கிறேன். இரண்டு சந்தேகத்துக்குரியவை. சேர்க்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மேலே போனேன். ரீச்சர் ஒரு வசனம் வாசிக்க, பிள்ளைகள் பதின்மூன்று பேரும் துள்ளி எழும்பினார்கள், இருந்தார்கள், மறுபடி எழும்பினார்கள். ஆங்கிலத்தில் கப்பிற்றல், அதாவது பெரிய எழுத்து, வர வேண்டிய இடத்தில் எழும்ப வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன்.

"தமிழில எல்லா எழுத்தும் ஒரே உயரம் தம்பி. பெரிய எழுத்து எண்டால் இதுகளுக்கு என்ன விளங்கும்? பெரியாக்கள் வந்தால் எழும்ப வேணும் எண்டு மட்டும் நல்லாத் தெரியும். பெயர் எண்டால் ஒரு ஆள் வந்த மாதிரி. எழும்பு."

"நான் எண்டு சொல்லேக்கையும் எழும்புதுகளே, ரீச்சர்?"

"இங்கிலிஷ்காரன் தன்னைச் சொன்னாலும் தானே எழும்புவான். அது அவன்ர பழக்கம். அதுக்கு நான் என்ன செய்யிறது?"

ரீச்சரிடம் படிக்கும் நாலாம் மாடிச் சிறுமியைத் தாய் கோட்டைக்குப் பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கிறார். கொண்டக்டர் "பம்பலப்பிட்டி" என்று கத்த, பிள்ளை எழும்பியது. "நங்கி, பஹினவாத?" என்று, இறங்கப் போகிறாளா எனச் சிங்களத்தில் கேட்டு அவர் மணி அடிக்க, பஸ் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. கொள்ளுப்பிட்டியிலும் அதே கதை. மூன்றாவது தடவை தாயையும் பிள்ளையையும் உண்மையாகவே இறக்கிவிட்டார்கள்.

என்னையும் ரீச்சர் விடவில்லை. நான் தொடர்மாடிக் குழுவின் செயலாளர். தண்ணீர் வெட்டு பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன். மறுநாள் அதில் சிவப்புப் பேனையால் நாலு வட்டம், கீழே பத்துக்கு ஆறு புள்ளி. படியில் கண்டபோது, "தண்ணி ஆரின்ர பெயர் தம்பி? அதுக்கு ஏன் பெரிய எழுத்து?" என்று கேட்டார். அன்றிரவே முறைப்பாட்டை எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கம் வந்தது.

குழு கூட்டம் வைத்தது. வகுப்பை நிறுத்துவதா, விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு முதல் நாள் ரீச்சர் என் கதவைத் தட்டினார். கெஞ்சவில்லை. வகுப்பு இல்லையென்றால் கல்கிசையில் இருக்கும் தன் தம்பியின் குடும்பத்தோடு போய்விட வேண்டியதுதான், அங்கே அறை தயாராக இருக்கிறது, தனக்குத்தான் அந்த அறைக்குள் போய் இருக்க மனமில்லை என்றார். சொல்லிவிட்டு என் கதவிலிருந்த பெயர்ப்பலகையை மேலும் கீழும் பார்த்து, "இதில பிழையில்லை" என்றுவிட்டுப் போனார். எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

கூட்டம் கார் நிறுத்தும் இடத்தில், ஞாயிறு காலை. பெற்றோர் வந்தார்கள், பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள். ரீச்சர் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் முறைப்பாட்டை வாசித்தேன். "வெள்ளவத்தை" என்றதும் பதின்மூன்று கதிரை பின்னால் உரசியது. பிள்ளைகள் நின்றார்கள். தலைவர் இருக்கச் சொன்னார். "திங்கட்கிழமை" என்றேன். நின்றார்கள். தலைவருடைய பெயர் வந்தபோதும் நின்றார்கள். அவர் அதட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டு சேட்டுக் கொலரைச் சரிசெய்தார். பெற்றோர் தலையைக் குனிந்து சிரித்தார்கள். எரிச்சலோடு கடைசி வரிக்கு வந்தேன்.

"இப்படிக்கு, வீ. க. சிவநேசன்."

எழுத்துக்கு ஒருமுறை, அடுத்த எழுத்துக்கு ஒருமுறை, பெயருக்கு ஒருமுறை. மூன்றாவது தடவை எழும்பியவர்கள் இருக்கவில்லை. ஒருவரும் இருக்கச் சொல்லாததால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாள் முழுக்க மற்றவர்களின் பெயர்களை எழுதுகிறவன் நான். என் பெயருக்கு யாரும் எழும்பி நின்றதாக நாட்குறிப்பில் ஓரிடத்திலும் இல்லை.

"சரி, செயலாளர் என்ன சொல்லுறியள்? நிப்பாட்டுவமோ?" என்று தலைவர் கேட்டார்.

தொண்டையைச் செருமினேன். "என்ர ஹோலுக்குக் கீழ கார்தானே நிக்குது. காருக்கு இடி கேக்காது. வகுப்பை என்ர ஹோலிலேயே வைக்கட்டும்."

ரீச்சர் எழும்பி வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "உங்கட ஹோலில வெளிச்சம் காணாது தம்பி. லைட்டை மாத்துங்கோ" என்றார்.

மாற்றினேன். எட்டு மாதமாக நாலு மணி முதல் ஐந்தரை வரை எனக்கு என் ஹோல் இல்லை. குசினி மேசையில் சான்றிதழ்களைப் பரப்பி வைத்து வேலை செய்கிறேன். நாட்குறிப்பில் அந்த நேரத்துக்கு இன்றுவரை 'தொந்தரவு' என்றுதான் எழுதுகிறேன்.

போன கிழமை ரீச்சருக்குக் காய்ச்சல். வகுப்பு இல்லை. மல்லி அவித்துக்கொண்டு மேலே போனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இஞ்சி காணாது என்றார். அடுத்த நாள் இஞ்சி கூடப் போட்டுக் கொண்டுபோனேன்.