வழிமொழிய ஆளில்லாத ஊர்

மனிதகுலம் இதுவரை கண்ட ஆட்சிமுறைகளில் ஆகச் சிறந்தது, மினசோட்டா மாநிலத்து நோர்லண்ட் ஊர்ச்சபையின் ஆட்சிமுறைதான். அங்கே யாரும் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. சொல்லியே தீர வேண்டுமென்றால், அதற்கென்று நாற்பது மைல் தள்ளி ஒரு கவுண்டி அலுவலகத்தை, அதாவது மாவட்ட நிர்வாகத்தை, வைத்திருக்கிறார்கள்.

எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முன்பு ஊர்ச்சபையிடமே இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஒருவருடைய டிராக்டர் கொட்டகைக்கு அனுமதி மறுத்தார்கள். அடுத்த ஞாயிறு, வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் தேவாலய விருந்தில் அவர் மனைவி, மறுத்த மூன்று உறுப்பினர்களின் வீட்டுப் பதார்த்தங்களையும் தொடாமல் நகர்ந்து போனார். ஊர் ஆடிப்போய்விட்டது. மறுமாதமே அதிகாரத்தைக் கவுண்டிக்குத் தாரை வார்த்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குக் காபிக்கடையில், “நம்ம நிலத்தைக் கவுண்டிக்காரன் பிடுங்கிட்டான்” என்று தவறாமல் வீரமுழக்கம் செய்து வருகிறார்கள்.

இந்தப் பொற்கால ஆட்சியின் எழுத்தர் லோர்னா விஸ்டாட். கூட்டக் குறிப்பு எழுதலாம், வாக்களிக்க முடியாது. அவள் வீட்டுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், நாலாயிரத்து எண்ணூறு பன்றிகளுக்கு ஒரு கொட்டகையும் அதனடியில் கழிவுக்குழியும் கட்ட கேலன் ஸ்டோக்கி கவுண்டியில் விண்ணப்பித்திருந்தார். லோர்னாவின் கிணறு முப்பதடி. மண்ணோ வெறும் மணல். குழி கசிந்தால் கிணறு போச்சு; வேறு தண்ணீர் கிடையாது.

கேலன் கெட்டவர் அல்ல. அதுதான் சிக்கலே. பனிக்காலம் வந்தால் ஊரில் எல்லார் வீட்டுப் பாதையிலும் குவிந்து கிடக்கும் பனியைக் கேட்காமலே டிராக்டரால் வழித்துவிட்டுப் போவார்.

ஊர்ச்சபை ஆட்சேபக் கடிதம் அனுப்பினால் கவுண்டி விண்ணப்பத்தை மறுபடி ஆராய வேண்டும். அனுப்பாவிட்டால் அதற்குப் பெயர் ‘உள்ளூர்ச் சம்மதம்’. கூட்டத்துக்கு முந்தின வாரம் மூன்று உறுப்பினர்களும் தனித்தனியே லோர்னாவைத் தொலைபேசியில் அழைத்து, “அநியாயம்!” என்று கொதித்திருந்தார்கள். அவளும் நம்பிக்கையோடு எலுமிச்சைக் கேக் சுட்டு எடுத்துப் போனாள்.

“ஆட்சேபக் கடிதம் அனுப்பணும்னு முன்மொழியறேன்” என்றார் மூத்த உறுப்பினர் மெர்ல். அவருக்கு வயது எண்பத்தொன்று. கார் ஓட்டுவதை விட்டுவிட்டதால் பனிக்கு அஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.

“வழிமொழியறது யாரு?” என்று கேட்டார் தலைவர் ஹார்லன்.

மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் டுவேன், காபிக் கோப்பையின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“டுவேன், போன வாரம் என்கிட்ட என்னப்பா சொன்ன?” என்றாள் லோர்னா.

“சொன்னேன்தான். ஆனா ஜனவரியில என் வாசல்ல இடுப்பளவு பனி. விடியறதுக்குள்ள வந்து வழிச்சுட்டுப் போனாரு கேலன். அந்த மனுஷனுக்கு எதிரா எப்படிம்மா கை தூக்கறது?”

“கையைத் தூக்க வேணாம். வாயைத் திற, போதும்.”

“திறந்தா கேட்டுடுமே!”

லோர்னா தலைவர் பக்கம் திரும்பினாள். “ஹார்லன், தலைவரும் வழிமொழியலாம். சட்டத்துல இடமிருக்கு.”

“நான் நடுநிலை, லோர்னா.”

“உன் வீட்டுப் பாதையையும் அவர்தானே வழிக்கிறாரு?”

“நடுவுல மட்டும்தான். ஓரத்தை நானே வழிச்சுக்கறேன்.”

வழிமொழிய நாதியின்றித் தீர்மானம் செத்தது. துக்கம் தாளாமல் எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள்.

கவுண்டி விசாரணையில் லோர்னாவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். கிணற்றின் ஆழம், மணல், காற்று வீசும் திசை என்று எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டுப் போட்ட விசாரணைக்குழுத் தலைவர் கனிவோடு கேட்டார்:

“உங்க ஊர்ச்சபை என்னம்மா சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

“அப்ப ஆட்சேபம் இல்ல. உள்ளூர்க்காரங்க முடிவுல நாங்க தலையிடறதே கிடையாது. அது எங்க கொள்கை.”

கொள்கை வென்றது. அனுமதி ஏகமனதாக வழங்கப்பட்டது.

அடுத்த ஊர்ச்சபைக் கூட்டத்தில் வழக்கம்போல முந்தைய கூட்டத்தின் குறிப்பை லோர்னா வாசித்தாள்.

“மெர்ல் முன்மொழிந்தார். டுவேன் கோப்பைக்குள் பார்த்தார். ஹார்லன் நடுநிலை வகித்தபடி இரண்டாவது கேக் துண்டை எடுத்தார். கிணற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.”

ஹார்லனின் காது சிவந்தது. “இதையெல்லாமா எழுதுவாங்க? இது நிரந்தர ஆவணம் லோர்னா! நாளைக்குப் பேரப்பிள்ளைங்க எடுத்துப் படிப்பாங்க.”

“நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்? இதுல எது பொய்?”

“பொய்னு யாரு சொன்னா? மரியாதையா இல்லங்கறேன்.” ஹார்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மெர்ல் முன்மொழிஞ்சார்ங்கறதுக்குக் கீழ இருக்கிற வரியையெல்லாம் நீக்கணும்னு முன்மொழியறேன்.”

அவர் வாய் மூடுவதற்குள் டுவேனின் கை கூரையைத் தொடுகிற மாதிரி எழுந்தது. “வழிமொழியறேன்!”

லோர்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையையே பார்த்தாள்.

“பாரேன் டுவேன், உன் கைக்கு ஒண்ணும் ஆகல” என்றாள். “என் கிணறுதான் போச்சு.”