"எஸ் சார்" சொல்லி ஆஸ்பத்திரியில் படுத்த கதை

புரியாத பேச்சுக்குப் பணிவாகத் தலையாட்டுவதில் அந்தக் காலத்தில் பினாங்கிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த லட்சணத்தில் நான் இங்கிலீஷ் வாத்தியார் வேறு.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் பள்ளியில் படித்துவிட்டு, கப்பல் கம்பெனி ஒன்றில் கடிதங்களைப் பார்த்து எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். (பார்த்து எழுதுவதோடு சரி. புரிந்துகொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை.) டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டில் அஞ்சலை அக்கா குடியிருந்தார். புருஷனை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு வெள்ளைக்கார டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை காலியாக இருந்தது. அங்கே நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனுக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. அந்த வேலை கிடைக்காவிட்டால் அக்கா பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டு ரப்பர் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான். ஆறு வாரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க நான் முன்வந்தேன்.

என் பள்ளியில் "புரியவில்லை" என்று சொன்னால் பிரம்படி விழும். அந்த அனுபவத்தையே பாடமாக்கினேன்.

"துரை எது சொன்னாலும் 'எஸ் சார்'. அம்மான்னா 'எஸ் மேடம்'. திருப்பிக் கேக்கவே கூடாதுக்கா. மரியாதை இல்ல."

"புரியலன்னா?"

"அப்பவும் எஸ்தான்."

"அது எப்படிலா தம்பி? மருந்த மாத்திக் குடுத்துட்டா?"

பாடத்தைக் கவனிக்கச் சொன்னேன்.

மேட்ரனைப் பார்க்கப் போன நாளில் நானும் துணைக்குப் போனேன், அக்கா தடுமாறினால் தாங்கிப் பிடிக்க. எனக்கோ பயத்தில் காலையிலிருந்தே வயிற்றைக் கலக்கியது. மேட்ரன் அக்காவை உள்ளே அழைத்துக்கொண்டார். நான் வராந்தா பெஞ்சில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். டாக்டர் துரை என் முன்னால் வந்து நின்று மூன்று கேள்வி கேட்டார். எழுந்து நின்று மூன்றுக்கும் "எஸ் சார்" என்றேன். அவ்வளவு சரளமாக நான் இங்கிலீஷ் பேசியதே இல்லை.

வலிக்கிறதா, ரொம்ப நாளாகவா, இங்கேயே தங்குகிறாயா என்று கேட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் என் கோட்டைக் கழற்றி, நோயாளிச் சட்டையை மாட்டி, நாலாம் கட்டிலில் கிடத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். திருப்பிக் கேட்பது மரியாதை இல்லையே.

கதவுக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "மேடம், ஒன்ஸ் மோர். ஸ்லோலி, ப்ளீஸ்."

எனக்குப் பகீரென்றது. வேலையும் போயிற்று, பிள்ளைகளின் படிப்பும் போயிற்று என்று நினைத்தேன். மேட்ரன் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா விடவில்லை, இன்னொரு தரம் கேட்டார். பிறகு கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

கதவு திறந்தது. கையில் ஒரு டம்ளர் விளக்கெண்ணெயோடு அக்கா வந்தார், பின்னால் மேட்ரனும் டாக்டரும். அதை நாலாம் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பரீட்சை.

"தம்பி, நீ ஏன்பா இங்க படுத்திருக்க?"

"தெரியலக்கா. எஸ் சொன்னேன்."

அக்கா டம்ளரை வைத்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "சார், திஸ் மேன் நோ சிக். மை டீச்சர். ஹி சே எஸ், ஹி நோ அண்டர்ஸ்டேண்ட்."

என் பள்ளியில் அதற்கு வார்த்தைக்கு ஓர் அடி விழுந்திருக்கும். துரைக்கோ எல்லாமே விளங்கிவிட்டது. ஆறு வாரத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு அக்கா குனியாமல் குழையாமல், நேருக்கு நேர் நின்று உண்மையைச் சொல்கிறார். ஏழு வகுப்பு படித்த நான் வாயடைத்துப் படுத்திருந்தேன். இன்று நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது.

மேட்ரன் பேசியதை அக்காதான் எனக்குத் தமிழில் சொன்னார். அக்காவுக்கு முன்னால் வேலை கேட்டு வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் எஸ் சொல்லிவிட்டு, மருந்தை வேறு வேறு கட்டிலுக்குக் கொண்டுபோனார்களாம். வேலை அக்காவுக்குக் கிடைத்தது. எனக்குக் கோட்டு திரும்பக் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அக்காவிடம் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டேன். பின்னாளில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடத்தியபோது, முதல் பாடமே கூச்சப்படாமல் திருப்பிக் கேட்பதுதான். வாத்தியார் எங்கே படித்தவர் என்று யாராவது விசாரித்தால், நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொள்வாள்.

"இவரா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே இங்கிலீசு படிச்சவரு."