நாலாம் தலைமுறைக்காரர்

நம் சபைகளில் நாலாம் தலைமுறைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். புதிதாக ஆராதனைக்கு வந்தவரிடம் எல்லாரும் பெயர் கேட்பார்கள், இவர் மட்டும், "நீங்க எத்தினியாவது தலைமுறை?" என்பார். குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்து எத்தனை தலைமுறை என்ற கணக்கு. முதல் தலைமுறை என்று சொன்னால் போச்சு. அம்மை போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

என்னையும் அப்படித்தான் பார்த்தார் எங்கள் ஞானாபரணம். நான் படித்தது நாலாங்கிளாஸ். லாரி கிளீனராக வந்தவன். இன்று என் பெயர் எழுதிய மூன்று லாரி செங்கம் ரோட்டில் ஓடுகிறது. எந்தத் தாத்தாவும் எனக்கு ஸ்டியரிங் பிடித்துக் கொடுக்கவில்லை. அவருக்கோ ஒரு கொள்ளுத்தாத்தா இருந்தார், வெள்ளைக்காரப் பாதிரியாருக்குக் குடை பிடித்தவர். கல்யாண வீட்டில் அந்தக் குடை, துக்க வீட்டில் அந்தக் குடை, கமிட்டியில் ஃபேன் ரிப்பேரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அந்தக் குடை. வேங்கிக்காலில் அவர் கட்டிய புதுவீட்டு ஹாலிலோ வம்ச வரிசை லேமினேஷன் ஆகி, இயேசு படத்துக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது.

அந்த வீட்டுப் பெண் கீதாஞ்சலிக்கு அருண்பிரசாத்தைப் பிடித்துவிட்டது. தங்கமான பையன். ஆனால் அவன் அம்மா கஸ்தூரி கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிரிடுகிறவர். ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருஷம்தான். அப்பா சம்மதிப்பாரா?

பெண் கேட்க என்னை முன்னே விட்டுப் போனார்கள். நான் பேசி முடியாத காரியம் உண்டா?

நம் வழக்கப்படி முதலில் வேதவாசிப்பு. வீட்டுக்காரர் வாசிக்க, மற்றவர்கள் அவரவர் வேதத்தில் கூடவே பார்க்க வேண்டும். ஞானாபரணம் எதைத் திறந்தார் தெரியுமா? மத்தேயு முதல் அதிகாரம். வம்ச அட்டவணை! ஆபிரகாமில் கிளம்பிய ராஜவம்சம் நேரே தன் வீட்டு ஹாலில்தான் வந்து இறங்குகிறது என்பதுபோல முழங்கினார்.

"சல்மோன் போவாசைப் பெற்றான், போவாஸ் ஓபேதைப்..."

"ஐயா, இருங்க." கஸ்தூரிதான். நாற்பது வயதில் வேதத்தை வைத்தே எழுத்துக் கூட்டியவர். வரிக்கு வரி விரல் வைத்துப் பார்ப்பார். "மூணு பேரை உட்டுட்டீங்களே. தாமாரு, ராகாபு, ரூத்து."

"பொம்பளைங்க பேரும்மா. நேரமாவுதேன்னு..."

"இந்த ராகாபு எந்தக் குடும்பங்க? எத்தினியாவது தலைமுறை?"

கள்ளமில்லாமல்தான் கேட்டார். எரிகோ ஊர் வேசி என்று பெண் கேட்க வந்த சபையில் எந்த வாயால் சொல்வது? ஞானாபரணம் தண்ணீர் குடித்தார்.

நான் விடுவேனா? "முதல் தலைமுறைம்மா. ரூத்தும் அப்படித்தான். மோவாப் தேசத்துப் பொண்ணு, வயல்ல கதிர் பொறுக்கினவ."

"அப்ப அந்த வம்சத்துல யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்கல அத்தை!" என்றது சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல்.

அத்தை! பெண்ணே முறை வைத்துக் கூப்பிட்ட பிறகு அப்பன் என்ன பேசுவான்? வரும் ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள்.

கர்த்தர் வம்சம் கட்டும்போது யார் யோசனையையும் கேட்பதில்லை. மூத்தவன் ஏசா இருக்க இளையவன் யாக்கோபை எடுத்தார். ஏழு அண்ணன்மார் வரிசையில் நிற்க, ஆடு மேய்க்கப் போன தாவீதைக் கூப்பிட்டனுப்பினார். நினைத்தால் கல்லிலிருந்தே ஆபிரகாமுக்குப் பிள்ளை எழுப்புவார். நம் ஊரில் கல்லுக்கா குறைச்சல்?

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கீழ்பென்னாத்தூர் என்று நான் சொன்னதும், 'அந்தம்மா எந்த வகையறா?' என்று உள்ளே ஒரு கேள்வி எட்டிப் பார்த்ததா, இல்லையா?

என்னிடம் சொல்ல வேண்டாம். கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும்.